செல்வ நகர் காண வாரீர்!

செல்வம் கொழிக்கும் நகரங்களுக்கு வழிகாட்டும் ஏடுகள் உலகில் ஏராளம். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள், வாயூற வைக்கும் வாசகங்கள். "வான்முட்டும் மாளிகை காணீர்! பொன் குவிந்த கடைவீதி காணீர்! இரவைப் பகலாக்கும் விளக்கொளி காணீர்!" என்று அவை கூவி அழைக்கும். அழைப்பை ஏற்றுச் செல்பவன், காட்டப்பட்டதைக் கண்டு, காட்டப்படாததைக் காணாமலே, "நகரமென்றால் இதுவன்றோ நகரம்!" என்று வியந்து வீடு திரும்புவான்.

துபாய் நகரை எடுத்துக் கொள்வோம். 2010ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீஃபா என்னும் கோபுரம் 828 மீட்டர் உயரம். 2014ஆம் ஆண்டு பிறந்த நள்ளிரவில் அந்நகரம் ஆறே நிமிடங்களில் ஏறத்தாழ 4,80,000 வாணங்களை வானில் ஏவிற்று. உலகிலேயே பெரிய வாணவேடிக்கை என்று கின்னஸ் ஏட்டிலும் இடம் பெற்றது. அந்தக் கோபுரத்தின் உயரம் வழிகாட்டி ஏட்டில் உண்டு. அதன் மாடிகள் எத்தனை என்பதும் உண்டு. கொதிக்கும் வெயிலில் கம்பி கட்டியவன் எந்த ஊரான், அவன் படுத்துறங்கிய அறையில் எத்தனை பேர் என்பதற்கு மட்டும் அந்த ஏட்டில் பக்கம் இல்லை!

ஏன் இல்லை? மறந்து விட்டார்களா? மறக்கவில்லை, தோழர்களே! நகரின் பெருமையை அளக்க அவர்கள் எடுத்த கோலே வேறு. அங்கே எவ்வளவு பொருள் குவிந்திருக்கிறது என்று அளப்பது ஒரு கோல். அப்பொருளைக் குவித்த கைகள் எப்படி வாழ்கின்றன என்று அளப்பது மற்றொரு கோல். முதற்கோலால் அளந்தால் செல்வ நகரமாகத் தெரிவது, இரண்டாங்கோலால் அளந்தால் ஏழை நகரமாகத் தெரியக்கூடும். எந்தக் கோல் அறிவுடையது? எது அறமுடையது? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. இதற்கு விடை தேடக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. விருதுநகரில் புகைவண்டி ஏறினால் போதும்.

தென்காசிப் பாதையில் செல்லும் அவ்வண்டி திருத்தங்கலைத் தாண்டினால் அடுத்து நிற்குமிடம் சிவகாசி. 2021ஆம் ஆண்டில் திருத்தங்கல் நகராட்சி சிவகாசியோடு இணைக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. 'குட்டி ஜப்பான்' என்று அவ்வூரைப் போற்றுவர்; பண்டித நேரு சூட்டிய பெயர் என்றும் சொல்வர். பெயரிலே காசி இருக்கிறது. ஆனால் இக்காசிக்கு வருவோர் பாவத்தைத் தொலைக்க வருவதில்லை, காசோடு வந்து சரக்கோடு திரும்புகின்றனர்!

சுற்றிப் பாருங்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் கொளுத்தப்படும் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு இந்த வட்டாரத்தில் பிறந்தது என்பர். தீப்பெட்டி இங்கே, அதன் மேலே ஒட்டும் சித்திரம் இங்கே. அச்சித்திரம் அச்சிட வந்த எந்திரங்கள் பெருகி, நாட்காட்டியும் நாட்குறிப்பும் பாடநூலும் நாட்டின் எல்லாத் திசைகளுக்கும் இங்கிருந்து செல்கின்றன. வடநாட்டு வீட்டுச் சுவரில் தொங்கும் இலட்சுமிக்கும் தென்னாட்டுத் தேநீர்க் கடையில் தொங்கும் முருகனுக்கும் பிறப்பிடம் கைலையுமன்று, வைகுந்தமுமன்று, சிவகாசி அச்சுக்கூடம்! தெய்வத்தை நான்கு வண்ணத்தில் அச்சிட்டு, நறுக்கி, எண்ணி, கட்டி அனுப்பும் அந்தத் தொழிலாளியைவிடத் தெய்வத்தின் இரகசியம் தெரிந்தவர் வேறு யார்?

இந்தச் செல்வம் தானாக வந்ததன்று. வந்த வழி பெருமைக்குரியது. அதைச் சொல்லாமல் விடுவது நன்றி கொன்ற செயலாகும்.

கரிசற்காடு, மழை பொய்த்துப் பொய்த்துப் பழகிய வானம், பருத்தியும் கம்பும் விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் பட்டினி. அம்மண்ணிலே வணிகத்தால் தலை நிமிர்ந்த நாடார் சமூகத்தாரை, "கோயிலுக்குள் நுழையாதே" என்று சாதி தடுத்தது. 1899 ஜூன் 6ஆம் நாள், சிவகாசியைப் பெருங்கூட்டம் சூழ்ந்து தாக்கியது, வீடுகள் எரிந்தன, உயிர்கள் மாண்டன. கமுதிக் கோயிலில் நுழைந்ததற்காகத் தொடுக்கப்பட்ட வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் அங்கும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு. கடவுளும் கைவிட்டார், கனம் கோர்ட்டாரும் கைவிட்டனர்.

அப்போது அவர்கள் என்ன செய்தனர்? நெற்றியில் எழுதியது இதுதான் என்று அழுதார்களா? இல்லை! உறவின்முறை கூடி, விற்ற சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்து, அப்பணத்தில் பள்ளி கட்டினர். விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை 1889இலேயே எழுந்து விட்டது. 1922ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீக்குச்சி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். அடுத்த ஆண்டே ஆலை கண்டனர். ஸ்வீடன் நாட்டுத் தீக்குச்சி முதலாளிகள் எந்திரத்தோடு இந்தியாவில் கால் வைத்த நேரத்தில், கரிசற்காட்டார் கைத்திறனை நம்பி எதிர்த்து நின்றனர். 1940இல் வெடிபொருள் விதிகள் வந்தபின், உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் எழுந்தன. மழையின்மை உழவனுக்குச் சாபம். ஈரம் ஆகாத தொழிலுக்கோ அதுவே மூலதனம்! பொய்த்த வானத்தையே கூலிக்கு அமர்த்திக் கொண்ட அறிவை என்னென்பது! 1931இல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்கு இடமளித்தது விருதுநகர். முயற்சி, கல்வி, தன்மானம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தலைவிதி என்பது தவிடுபொடி என்பதற்கு இவ்வட்டாரம் நமக்கு வாய்த்த நற்சான்று.

இவ்வளவும் உண்மை. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால், விருந்தாளிக்குக் காட்டும் வீதியோடு நின்றுவிடாமல், இன்னும் சற்றுத் தொலைவு நடப்போம்.

வைகறையில் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களில் ஆலை வண்டி வந்து நிற்கிறது. தூக்குச் சட்டியோடு பெண்கள் ஏறுகின்றனர், ஆண்கள் ஏறுகின்றனர். பெண்களும் ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் அதிலே மிகுதி. குழாய் உருட்டுவோர், திரி வெட்டுவோர், மருந்து செலுத்துவோர் என்று ஆளுக்கொரு வேலை. எண்ணிக்கைக்குத்தான் கூலி, கை விரைந்தால் காசு, கை தளர்ந்தால் குறைவு. மாலையில் திரும்பும்போது அலுமினியத் தூள் படிந்து அவர்களுடைய கைகள் வெள்ளியாய் மின்னும். வெள்ளி வாங்க வழியில்லாக் கைகள், வெள்ளியாய் மின்னும் விந்தையைக் காணீர்!

'மருந்து' என்கிறார்கள், தோழர்களே! வெடியுப்பும் கந்தகமும் கரியும் சேர்ந்த கலவைக்குப் பெயர் மருந்து. ஸ்ட்ரான்டியம் சேர்ந்தால் சிவப்பு, பேரியம் சேர்ந்தால் பச்சை, சோடியம் சேர்ந்தால் மஞ்சள், செம்பு சேர்ந்தால் நீலம். நோயுற்றவனுக்குக் கொடுத்துப் பிழைக்க வைப்பதும் மருந்து; ஓர் உராய்வில் நால்வரைக் கரியாக்குவதும் மருந்து. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்த தமிழ், இவ்வூர்ப் பெண்ணின் நிலையை முன்னறிந்து வைத்ததோ! பசிப்பிணிக்கு மருந்து தேடி, அந்த மருந்திடமே அவள் வருகிறாள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி: உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த ஆலையில் வேலை நடந்தது, வெடித்தது, ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். ஓடிவந்து தூக்கச் சென்ற அக்கம்பக்கத்தாரும் அவர்களிலே உண்டு. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம்: 20க்கும் மேற்பட்டோர். 2024 மே 9, செங்கமலப்பட்டி: 10 பேர். இடையிடையே ஒருவர், இருவர், மூவர் என்று மாண்டவர்களுக்குச் செய்தித்தாளின் உள்பக்கத்து மூலையே கல்லறை.

மறுநாள் ஊர் என்ன சொல்கிறது? "விதி!" என்கிறது. தாய் சொல்கிறாள், விதி என்று. அவள் நெஞ்சு வெந்து சொல்கிறாள், அவளை நாம் குறை கூறோம். ஆனால் ஆலைக்காரரும் விதி என்கிறார். அலுவலரும் விதி என்கிறார். நாமும் ஒப்புக் கொள்வோம், ஆம், விதியால்தான் மாண்டனர்! எழுதப்பட்ட விதியால், எழுதியும் மீறப்பட்ட விதியால்! எழுதியவன் பிரமனல்லன், வெடிபொருள் துறை. ஓர் அறைக்கு நால்வர்தாம் இருக்கலாம் என்கிறது அந்த விதி. அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்கிறது. இன்ன அளவு மருந்துதான் கலக்கலாம் என்கிறது. உரிமத்தை இன்னொருவருக்கு உள்குத்தகைக்கு விடலாகாது என்கிறது. விசாரணைகள் திரும்பத் திரும்பக் கண்டு சொல்வது யாது? அறையிலே ஆள் மிகுதி, மருந்து மிகுதி, மரத்தடியிலே வேலை, உள்குத்தகை. நெற்றியிலே எழுதிய விதியை நம்பச் சொல்லி, ஏட்டிலே எழுதிய விதியை மறக்கச் செய்வதே சுரண்டுவோனின் தத்துவம். ஒரே சொல்லின் இரு பொருள்களில் ஒன்று மற்றொன்றுக்குத் திரையாகிறது. அத்திரையைக் கிழிப்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

இங்கே சிலர் குறுக்கிடுவர். "ஐயா, அந்த ஆலை இல்லையேல் அவ்வூரில் அடுப்பு எரியாது. பட்டாசைக் குறை சொல்லிப் பட்டினிக்கு வழி செய்யாதீர்" என்பர். பட்டினியின் கொடுமை நாமறிவோம். ஆலைகளை இழுத்து மூடு என்று நாம் கூறவில்லை. ஆனால் அந்த வாதத்தை உரசிப் பாருங்கள். பசியா, தீயா என்ற இரண்டை மட்டும் ஒருவன் முன் வைத்து, அவன் தீயைக் கையில் எடுத்தவுடன், "பார், அவனே விரும்பி எடுத்தான்" என்பது நேர்மையாகுமா? மூன்றாவது வழி இருக்கிறது. அது பசியுமற்ற, தீயுமற்ற வழி. அவ்வழி இருப்பதை மறைத்து வைப்பதால் இலாபம் அடைபவன் எவனோ அவனே அந்த வாதத்தின் ஆசிரியன்.

"தொழிலே ஆபத்தானது, ஆபத்து இல்லாமல் வெடி ஏது?" என்று கேட்பவரும் உண்டு. தொழிலின் இயல்பிலே உள்ள ஆபத்து ஒன்று. பேராசை கொண்டு வந்து சேர்த்த ஆபத்து வேறொன்று. முன்னதைக் குறைப்பது விஞ்ஞானத்தின் வேலை. பின்னதை ஒழிப்பது நீதியின் வேலை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'இயல்பு' என்று முத்திரை குத்துவது வணிகத் தந்திரம்.

இயல்பு மாறாது என்பார், தீக்குச்சியின் வரலாற்றையே படிக்கட்டும். 1888ஆம் ஆண்டு இலண்டன் மாநகர் உலகின் செல்வ நகரங்களுக்கெல்லாம் அரசி. அந்நகரின் கிழக்குச் சேரியில் தீக்குச்சி ஆலைப் பெண்கள் வெள்ளைப் பாஸ்பரசைக் கையாண்டு, தாடை எலும்பு அழுகிச் செத்தனர். "தொழிலின் இயல்பு" என்றனர் முதலாளிகள். அவ்வாண்டு ஜூலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுடைய துயரை ஏட்டில் எழுதி ஊரறியச் செய்தவர் யார் தெரியுமோ? அன்னி பெசன்ட் அம்மையார்! பின்னாளில் அடையாற்றிலே அமர்ந்து, நம் நீதிக்கட்சிப் பெரியவர்களின் எதிர்ப்புக்கு ஆளானாரே, அவரேதான். பிரம்மஞானம் பிடிப்பதற்கு முன், நாத்திகராக இருந்த காலத்தில் செய்த நற்பணி அது! பெண்கள் வென்றனர். 1906இல் பல நாடுகள் பெர்ன் நகரில் கூடி வெள்ளைப் பாஸ்பரசைத் தடை செய்ய உடன்பட்டன; இந்தியாவிலும் 1913இல் தடைச் சட்டம் வந்தது. தீக்குச்சி மறைந்ததா? இல்லை. தாடை அழுகல்தான் மறைந்தது. இயல்பு என்றது இயல்பன்று, இலாபம் என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

நம் சிவகாசியிலும் அதற்குச் சான்று உண்டு. தீப்பெட்டிக்குள் குச்சி அடுக்கச் சிறுவர் சிறுமியர் சாரை சாரையாகச் சென்ற காலம் ஒன்று இருந்தது. "பிஞ்சு விரல்தான் இவ்வேலைக்கு ஏற்றது" என்று அன்று வாதாடினர். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றம், குழந்தையை வேலைக்கு வைத்தவர் தலைக்கு 20,000 ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பள்ளியும் பகலுணவும் சட்டமும் சேர்ந்து இழுக்க, அந்தக் கொடுமை பெரிதும் குறைந்தது. பிஞ்சு விரல் விலகியதால் தீக்குச்சி அழிந்து விடவில்லையே! குழந்தையின் வகையில் 'விதி' மாறியது. தாயின் வகையில் மட்டும் மாறாதா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 2015இல் டில்லியைச் சேர்ந்த மூன்று பச்சிளங் குழந்தைகளின் பெயரால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். புகை எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது என்றனர். நியாயமான வழக்கு. 2018 அக்டோபர் 23இல் நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தீபாவளியன்று வெடிக்க இரண்டு மணி நேரம் குறித்தது. வாழ்த்துகிறோம். ஆனால், கொளுத்துமிடத்தில் புகையை நுகர்பவனுடைய மூச்சு நாட்டின் கவலையாயிற்று. கலக்குமிடத்தில் அதே தூளை ஆண்டெல்லாம் நுகர்பவளின் மூச்சு யாருடைய கவலை? தலைநகரத்து நுரையீரலுக்கும் சாத்தூர் நுரையீரலுக்கும் உடற்கூற்று நூலில் வேறுபாடு கிடையாது.

இப்போது நம்மவர் பக்கம் திரும்புவோம். "நாம் பகுத்தறிவாளர், நரகாசுரனைக் கொன்ற கதைக்கு எண்ணெய் தேய்த்துக் கொள்வதில்லை, தீபாவளி கொண்டாடுவதில்லை, ஆகவே பட்டாசுப் பாவம் நம்மைச் சேராது" என்று எண்ணும் இளைஞர் உண்டு. தீபாவளியை விட்டது சரி. அதோடு கணக்குத் தீர்ந்ததா? மாநாட்டுப் பந்தலுக்குத் தலைவர் வரும்போது வெடிப்பது என்ன? தேர்தல் வெற்றி நாளில் தெருவெல்லாம் சிவப்புத் தாள் சிதறிக் கிடக்கிறதே, அது எந்த ஊர்ச் சரக்கு? ஐப்பசியில் வெடித்தால் மூடநம்பிக்கை, வாக்கு எண்ணிக்கையில் வெடித்தால் கொள்கை முழக்கமா? வெடிக்குக் கட்சி தெரியாது. அதைச் சுற்றிய கைக்கும் கட்சி பார்த்துக் காயம் ஏற்படுவதில்லை.

கடவுள் இல்லை என்பதோடு நிற்பவனுக்குப் பாதி வேலை மிச்சம் இருக்கிறது. கடவுள் பார்த்துக் கொள்வார் என்று ஒதுங்க ஆத்திகனுக்கு ஒரு சாக்கு உண்டு. நமக்கு அச்சாக்கும் கிடையாது. மேலே ஒருவன் இல்லையென்றால், பார்த்துக் கொள்ள வேண்டியவர் நாமே என்றாகிறது. ஆகவே நாத்திகனின் பொறுப்பு ஆத்திகனுடையதைவிட ஒரு பிடி அதிகமே அன்றிக் குறைவன்று.

திருத்தங்கலுக்குப் பழைய பெயர் தங்கால். சங்கப் புலவர் வரிசையில் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றொருவர் உண்டு. பொன்னை உருக்கும் தொழிலாளி புலவராய் விளங்கிய ஊர் அது! சிலப்பதிகாரத்திலும் அவ்வூர் வருகிறது. தங்காலில் வாழ்ந்த வார்த்திகன் என்பவனை, கள்வன் என்று பொய்யாகக் குற்றம் சாட்டிப் பாண்டியனின் காவலர் சிறையிட்டனர். மனைவி அழுது புரண்டாள். ஐயை கோயில் கதவு திறவாமல் நின்றது. செய்தி கேட்ட மன்னன், "எங்கே கோல் வளைந்தது?" என்று உசாவினான், உண்மை அறிந்தான், வார்த்திகனை விடுவித்து, நிலத்தில் விழுந்து பொறுத்தருள வேண்டினான், தங்காலையும் வயலூரையும் அவனுக்கே அளித்தான். கதவு திறந்தது என்கிறது கதை.

கதவு தானே மூடிற்று, தானே திறந்தது என்பது காவியக் கற்பனை. நாம் நம்ப வேண்டியதில்லை. நாம் கொள்ள வேண்டியது அதிலுள்ள முறை. கதவு திறக்கவில்லை என்றதும் மன்னன் பூசாரியை அழைத்துப் பரிகாரம் கேட்கவில்லை. தன் ஆட்சியில் நேர்ந்த தவறு எது என்று கேட்டான். தவறு தன் ஆட்களுடையது என்று தெரிந்ததும் மறைக்கவில்லை, நட்டஈடு தந்து கணக்கை மூடிவிடவுமில்லை, மண்ணில் விழுந்தான், பின்பே ஊரைத் தந்தான். இன்று, வெடித்த அறையின் கதவு முன் நிவாரணத் தொகை வருகிறது, மாலை வருகிறது, அனுதாபம் வருகிறது. "எங்கே கோல் வளைந்தது?" என்ற கேள்விதான் வருவதில்லை.

அக்கேள்வியை எழுப்ப வேண்டியவர் நாம். உள்குத்தகைக்கு விட்டவனின் உரிமம் என்னவாயிற்று என்று கேட்போம். எண்ணிக்கைக் கூலி கையை விரட்டுகிறது. விரட்டப்பட்ட கை உராய்கிறது. ஆகவே நாட்கூலியும் நியாயக் கூலியும் வேண்டும் என்போம். மருந்து தொடுமுன் பயிற்சியும், ஆண்டுதோறும் நுரையீரல் சோதனையும் வேண்டும் என்போம். அச்சுத் தொழில் காட்டிய வழியில், தீயில்லாத் தொழில்கள் அக்கரிசற்காட்டில் மேலும் எழவேண்டும் என்போம். பட்டாசின் விலை ஏறுமே என்பர். ஏறட்டும்! மலிவான வெடி என்பது, விலையில் ஒரு பகுதியை வாங்குபவன் கொடுக்காமல், மிச்சத்தைத் தொழிலாளி தன் உடம்பால் கொடுத்த வெடி.

1956இல் தாய்நாட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டி, விருதுநகரில் 76 நாள் உண்ணாதிருந்து அக்டோபர் 13இல் உயிர் நீத்தார் சங்கரலிங்கனார். ஒரு பெயருக்காக உயிர் தந்தவரின் பெயரை நாடு நினைக்கிறது, நினைக்க வேண்டும். அதே மாவட்டத்தில், பிறர் கண்டு களிக்கும் ஒளிக்காக உயிர் தருவோரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

நகரின் செல்வம் என்பது மாடியின் உயரமன்று. வானில் மலரும் பூவின் வண்ணமுமன்று. காலையில் ஆலை வண்டியேறியவள் மாலையில் அதே வண்டியில் இறங்கி வீடு வருவாள் என்று பிள்ளை ஐயமின்றிக் காத்திருக்கும் ஊர் எதுவோ, அதுவே செல்வ நகர். சிவகாசி அந்நிலையை எய்தும் திறன் படைத்த ஊர். சாதியை வென்ற ஊருக்கு, வறட்சியை வென்ற ஊருக்கு, இந்த விதியை வெல்வது இயலாததன்று. அந்நாளில் நாமே வழிகாட்டி ஏடு எழுதி உலகை அழைப்போம். அதுவரை, காண வருவோரிடம் கடைவீதியோடு ஆலை வாயிலையும் காட்டுவோம்.